அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தேதி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் மனநலம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆட்டிசமும் (மற்றவர்களோடு பழகுவதில் சிரமம் தருகிற வளர்ச்சிக் குறைபாடு) ஏ.டி.எச்.டி.யும் (கவனக்குறைவும் அளவுமீறிய துறுதுறுப்பும்) “வேகமாகப் பரவி வருகின்றன” என்று தலைப்பிலேயே போட்டிருந்தீர்கள். பரவுவது என்றால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டுவது என்றுதான் படிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதைப் படித்துவிட்டு எத்தனை பெற்றோர் தங்கள் பிள்ளையை இப்படிப்பட்ட ஒரு பிள்ளையோடு விளையாட விடத் தயங்கியிருப்பார்கள் என்று நினைத்தபோது சும்மா இருக்க முடியவில்லை. நான் மருத்துவர் அல்ல. 27 வயது மகனுக்குத் தாய். இருபத்து நான்கு வருடமாக இந்தப் பெயர்களோடு வாழ்கிறேன், அவை ஒவ்வொன்றாக மாறியதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

சில வாரங்களுக்கு முன் என் மகன் ஒரு வேலைக்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். குறைபாடு ஏதேனும் இருந்தால் அதன் பெயரைக் குறிப்பிடவும் என்று ஒரு கட்டம். “எதை எழுதட்டும்மா?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. எங்கள் வீட்டு அலமாரியில் அவன் பெயரில் மூன்று கோப்புகள் இருக்கின்றன, மூன்றிலும் மூன்று பெயர்கள். 2001இல், மூன்றரை வயதில், “பரவலான வளர்ச்சிக் குறைபாடு, வேறு வகையில் குறிப்பிடப்படாதது” என்று எழுதிக் கொடுத்தார்கள். எட்டு வயதில் இன்னொரு மருத்துவர் பார்த்துவிட்டு, ஆட்டிசத்தின் குடும்பத்தைச் சேர்ந்த ஆஸ்பெர்கர் என்றார். பதினாறு வயதில் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம், கூடவே ஏ.டி.எச்.டி. என்று வந்தது. இத்தனைக்கும் பிள்ளை அதே பிள்ளைதான். மூன்று வயதில் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றவன், எட்டு வயதில் ரயில் கால அட்டவணையை மனப்பாடமாகச் சொன்னவன், பதினாறில் ஒரு பாடப்புத்தகத்தை எடுத்து உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் எழுந்து நடக்க ஆரம்பித்தவன், எல்லாம் ஒருவன்தான். பெயர் மட்டும்தான் மாறிக்கொண்டே இருந்தது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. முதல் மருத்துவர் தவறு செய்துவிட்டார் என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் மெதுவாகப் படித்துத் தெரிந்துகொண்டேன், ஒவ்வொருவரும் அந்தந்தக் காலத்துப் புத்தகத்தின்படி சரியாகவே எழுதியிருக்கிறார்கள். மாறியது புத்தகம். இதைத்தான் அன்றைக்கு யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எத்தனையோ இரவுகள் தூங்கியிருப்பேன்.

இதைப் படிப்பவர்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். சர்க்கரை நோய்க்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே இருக்கிறது. குழந்தைக்கு ஆட்டிசமா, ஏ.டி.எச்.டி.யா என்று சொல்ல அப்படி ஒரு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை இல்லை. குழந்தையைப் பார்த்து, பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேட்டு, ஒரு பட்டியலில் உள்ள அறிகுறிகளோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். அந்தப் பட்டியல் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிடும் டி.எஸ்.எம். கையேடு. 1952இல் முதல் பதிப்பு, 1968, 1980, 1994 என்று போய் 2013இல் ஐந்தாம் பதிப்பு, அதற்கு 2022இல் ஒரு திருத்தம். இன்னொன்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. வகைப்பாடு, அதன் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வல்லுநர் குழுக்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து பேசி, ஆய்வுகளைப் பார்த்து, சில நேரம் வாக்குவாதம் செய்து எல்லைக் கோட்டை நகர்த்துகிறார்கள். கோடு நகரும்போது சில குழந்தைகள் உள்ளே வருகிறார்கள், சிலர் வெளியே போகிறார்கள், சிலர் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு மாறுகிறார்கள்.

ஆட்டிசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். லியோ கேனர் என்ற மருத்துவர் 1943இல் பதினோரு குழந்தைகளைப் பற்றி எழுதினார். அடுத்த வருடமே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் நான்கு சிறுவர்களைப் பற்றி எழுதினார். ஆனால் 1952லும் 1968லும் வந்த கையேடுகளில் ஆட்டிசம் தனி நோயாக இடம்பெறவே இல்லை, இப்படிப்பட்ட குழந்தைகளைக் குழந்தைப்பருவ மனச்சிதைவு என்ற தலைப்பின் கீழ் போட்டார்கள். அந்த இருபது முப்பது வருடம் தாய்மார்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. தாயின் அன்பு போதாததால்தான் குழந்தை இப்படி ஆனது என்று பெரிய பெரிய நிபுணர்களே சொன்னார்கள், “குளிர்பதனப் பெட்டித் தாய்” என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தகப்பன்தான், 1964இல் இதை மறுத்து ஒரு புத்தகமே எழுத வேண்டியிருந்தது. 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் இருபத்தொரு ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்து மரபணுவுக்குப் பெரிய பங்கு இருப்பதைக் காட்டினார்கள். 1980இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் ஆட்டிசம் மனச்சிதைவிலிருந்து பிரிந்து, வளர்ச்சி சார்ந்த குறைபாடாகத் தனி இடம் பெற்றது. ஒரு புத்தகத்தின் தலைப்பு மாறியதால் பல தாய்மார்களின் தலையிலிருந்து ஒரு பழி இறங்கியது. பெயர் மாற்றம் வெறும் சம்பிரதாயம் என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

அப்புறம் 1981இல் லார்னா விங் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஆஸ்பெர்கரின் பழைய கட்டுரையை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். விங் அவர்களுக்கும் ஆட்டிசம் உள்ள ஒரு மகள் இருந்தாள். நன்றாகப் பேசுகிற, படிக்கிற, ஆனால் மற்றவர்களோடு பழகத் தெரியாமல் தவிக்கிற பிள்ளைகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்தான் என்பது அவர் சொன்னது. 1994இல் நான்காம் பதிப்பு அதை ஏற்றுக்கொண்டு ஆட்டிசம், ஆஸ்பெர்கர், ரெட் என்ற அரிய குறைபாடு, குழந்தைப்பருவச் சிதைவுக் குறைபாடு, எதிலும் சேராதது என்று ஐந்து அறைகள் கட்டியது. என் மகனின் முதல் இரண்டு கோப்புகளும் அந்தக் கட்டடத்தில் எழுதப்பட்டவை.

அந்த அறைகளுக்கு இடையே இருந்த சுவர் எவ்வளவு மெல்லியது என்பது பின்னால் தெரிந்தது. கேத்தரின் லார்டு என்பவர் தலைமையில் அமெரிக்காவில் பன்னிரண்டு பல்கலைக்கழக மையங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்தார்கள், எல்லா இடத்திலும் ஒரே கருவிகள், ஒரே பயிற்சி. குழந்தைகளின் அறிகுறிகள் எல்லா மையங்களிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தன. ஆனால் ஆஸ்பெர்கரா, ஆட்டிசமா, வேறு வகையா என்று கொடுத்த பெயர் மட்டும் மையத்துக்கு மையம் மாறியது. அதாவது எந்தப் பெயர் கிடைக்கும் என்பது பிள்ளையைவிட, பிள்ளை எந்த வாசலில் போய் நின்றது என்பதைப் பொறுத்து இருந்தது. 2012இல் வெளியான இந்த ஆய்வைப் படித்த அன்றுதான் முதல் மருத்துவர் மேல் இருந்த கோபம் எனக்குப் போனது.

2013இல் ஐந்தாம் பதிப்பு அந்தச் சுவர்களை இடித்துவிட்டது. ரெட் குறைபாட்டுக்கு 1999இலேயே மரபணு கண்டுபிடித்துவிட்டதால் அது தனியே போனது, மீதி எல்லாம் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்ற ஒரே கூரையின் கீழ் வந்தன. ஆஸ்பெர்கர் என்ற பெயர் நீங்கியதில் பலருக்கு வருத்தம், அது எனக்கும் புரிகிறது. அந்தப் பெயரில் தங்களை அடையாளம் கண்டுகொண்டு, அதே போன்ற நண்பர்களைக் கண்டுபிடித்து, அப்பாடா நான் தனி ஆள் இல்லை என்று மூச்சுவிட்ட பெரியவர்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் போய் இனி அப்படி ஒன்று கிடையாது என்றால் எப்படி இருக்கும்? என் மகனும் கொஞ்ச நாள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். உதவி போய்விடுமோ என்ற பயமும் பெற்றோர்களிடம் இருந்தது, அதனால் பழைய பெயரில் உறுதியாக நோயறிதல் செய்யப்பட்டவர்களுக்குப் புதிய பெயரைக் கொடுக்கலாம் என்று கையேட்டிலேயே ஒரு குறிப்புச் சேர்த்தார்கள். (ஹான்ஸ் ஆஸ்பெர்கர் நாஜிக்களின் குழந்தைக் கொலைத் திட்டத்துக்குத் துணைபோனதை ஹெர்விக் செக் என்ற வரலாற்றாசிரியர் ஆவணங்களோடு 2018இல் வெளியிட்டார். அதன்பிறகு என் மகன் அந்தப் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டான். யாரும் அவனிடம் நிறுத்தச் சொல்லவில்லை.)

இப்போது உங்கள் செய்தியில் இருந்த எண்ணுக்கு வருகிறேன். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் எட்டு வயதுக் குழந்தைகளைக் கணக்கெடுத்து வருகிறது. 2000இல் 150 பேரில் ஒருவர், 2020இல் 36 பேரில் ஒருவர், 2022இல் 31 பேரில் ஒருவர். நீங்கள் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் மட்டும் போட்டு நடுவில் ஒரு ஆச்சரியக்குறி போட்டீர்கள். அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் என்ன நடந்தது? வரையறை மாறியது. மூன்று வயதுக்குள் அறிகுறி தெரிய வேண்டும் என்ற விதி தளர்ந்து, சிறுவயதில் தொடங்கியிருக்க வேண்டும், ஆனால் வெளியே தெரிவது பிறகாகவும் இருக்கலாம் என்று ஆனது. தோழிகளைப் பார்த்து அப்படியே நடித்துச் சமாளித்துக்கொண்டிருந்த பெண் குழந்தைகள் கண்ணில் பட ஆரம்பித்தார்கள். மருத்துவர்கள் முன்கூட்டியே பரிசோதிக்கத் தொடங்கினார்கள். முன்பு அறிவுசார் குறைபாடு என்று மட்டும் எழுதி அனுப்பிய பிள்ளைகளில் பலருக்கு ஆட்டிசம் என்று எழுதத் தொடங்கினார்கள், அமெரிக்கப் பள்ளிக் கணக்குகளில் ஒன்று ஏற ஏற இன்னொன்று இறங்கியதும் பதிவாகியிருக்கிறது. இன்னொரு விஷயம், வெகுகாலம் அங்கே வெள்ளைக் குழந்தைகளிடம்தான் ஆட்டிசம் அதிகம் என்று கணக்கு காட்டியது, 2020ஆம் ஆண்டுக் கணக்கில் முதல் முறையாகக் கறுப்பின, ஹிஸ்பானிய, ஆசியக் குழந்தைகளின் விகிதம் வெள்ளைக் குழந்தைகளின் விகிதத்தைத் தாண்டியது. அந்தக் குழந்தைகள் திடீரென்று வந்தவர்களா? முன்பே இருந்தவர்கள்தான், யாரும் பார்க்கவில்லை.

ஏறியது முழுவதுக்கும் பெயர் மாற்றமே காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. குறைமாதத்தில் பிறந்தும் பிழைக்கிற குழந்தைகள் இன்று அதிகம், பெற்றோர்களின் வயதும் ஏறியிருக்கிறது, இவற்றுக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் இவ்வளவு காரணங்களையும் விட்டுவிட்டுப் “பரவுகிறது” என்று ஒற்றைச் சொல்லில் முடிக்கலாமா?

ஏ.டி.எச்.டி.யின் கதையும் இதேதான், இன்னும் குழப்பமானது. 1968இல் அதன் பெயர் குழந்தைப்பருவ மிகை இயக்க எதிர்வினை. ஓடுவதும் குதிப்பதும்தான் நோய் என்று நினைத்தார்கள். 1980இல் கவனம்தான் முக்கியம் என்று பெயரைக் கவனக்குறைபாடு என்று மாற்றினார்கள், 1987இல் வந்த திருத்தத்தில் இரண்டையும் சேர்த்தார்கள், 1994இல் கவனக்குறைவு மேலோங்கியது, துறுதுறுப்பு மேலோங்கியது, இரண்டும் உள்ளது என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஜன்னல் ஓரம் அமைதியாக உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிற சிறுமிக்கும் இதே சிக்கல் இருக்கலாம் என்பது அப்படித்தான் மெல்ல மெல்லப் புரிந்தது. 2013இல் ஏழு வயதுக்குள் அறிகுறி தெரிய வேண்டும் என்றிருந்ததைப் பன்னிரண்டு வயது என்று மாற்றினார்கள். அதே சமயம் உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் பதிப்பு மிகை இயக்கம், கவனக்குறைவு இரண்டும் சேர்ந்து, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருந்தால்தான் அந்தப் பெயரைக் கொடுத்தது. அதனால் ஒரே குழந்தைக்கு ஒரு புத்தகத்தின்படி நோய் உண்டு, இன்னொரு புத்தகத்தின்படி இல்லை என்ற நிலை பல வருடம் இருந்தது. பதினோராம் பதிப்பில்தான் இரண்டும் நெருங்கி வந்தன.

எங்கள் வீட்டில் இதனால் நடந்ததைச் சொல்கிறேன். என் மகனுக்கு ஒன்பது வயது இருக்கும்போதே, இவனுக்குக் கவனக்குறைவும் இருக்கிறதே, அதற்கும் ஏதாவது செய்யலாமா என்று கேட்டேன். ஆட்டிச வகை இருந்தால் ஏ.டி.எச்.டி. என்று தனியாகச் சொல்லக் கூடாது, அதுவும் இதன் பகுதிதான் என்றார்கள். அப்போதைய நான்காம் பதிப்பின் விதி அது. அந்த மருத்துவர் புத்தகத்தின்படிதான் பேசினார். 2013இல் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று விதி மாறியது, அடுத்த வருடம் அவனுக்கு அந்த இரண்டாவது பெயரும் வந்தது, அதற்கான சிகிச்சையும் தொடங்கியது, ஆறு மாதத்தில் ஒரு பாடத்தை முழுதாக உட்கார்ந்து படித்து முடித்தான். நடுவில் போன ஏழு வருடம் போனதுதான். அத்தனை வருடமும் அவனைச் சோம்பேறி என்றும் அடங்காதவன் என்றும் சொன்னார்கள், ஆசிரியர்கள் மட்டுமில்லை, சொந்தக்காரர்களும் சொன்னார்கள், சில நாள் நானும் சொன்னேன்.

சரி, அப்படியென்றால் எல்லைக் கோட்டை அகலமாக்கிக்கொண்டே போனால் நல்லதுதானே என்று கேட்கலாம். இல்லை, அதிலும் ஆபத்து உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். அங்கே பள்ளிச் சேர்க்கைக்கு டிசம்பர் 31தான் எல்லைத் தேதி. டிசம்பரில் பிறந்தவர்கள் வகுப்பிலேயே சின்னவர்கள், ஜனவரியில் பிறந்தவர்கள் பெரியவர்கள், கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம். டிசம்பர் பையன்களுக்கு ஏ.டி.எச்.டி. என்று முடிவு செய்யப்பட்டது ஜனவரி பையன்களைவிட 30 சதவீதம் அதிகம், பெண் குழந்தைகளில் 70 சதவீதம் அதிகம். ஆறு வயதுப் பிள்ளையை ஏழு வயதுப் பிள்ளையோடு உட்காரவைத்து, இவன் ஏன் அவனைப் போல அடங்கி உட்காரவில்லை என்று கேட்டால் என்ன பதில் வரும்? வேறு பல நாடுகளிலும் இதேபோலப் பார்த்திருக்கிறார்கள். ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு பிள்ளையை மருத்துவரிடம் அனுப்பச் சொல்வதற்கு முன் தயவுசெய்து பிறந்த தேதியை ஒரு முறை பாருங்கள்.

இதைவிடக் கவலைப்பட வைத்தது இருமுனைக் கோளாறு, அதாவது மனநிலை அதீத உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகிற பைபோலார் விஷயம். அமெரிக்காவில் 1990களில், எப்போதும் எரிந்து விழுகிற, அடிக்கடி ஆத்திரத்தில் கத்தி உடைக்கிற குழந்தைகளுக்குப் பைபோலார் என்று எழுதத் தொடங்கினார்கள். 1994-95இலிருந்து 2002-03க்குள் பத்தொன்பது வயது வரை உள்ளவர்கள் அந்தப் பெயரில் மருத்துவரைப் பார்த்தது ஏறக்குறைய நாற்பது மடங்கு ஆனது. பத்து வருடத்துக்குள் நாற்பது மடங்கு! பெயரோடு மருந்தும் வரும், உடல் எடையைக் கூட்டுகிற, சர்க்கரையைப் பாதிக்கிற கனமான மருந்துகள், சின்னக் குழந்தைகளுக்கு. பிறகு எலன் லைபன்லுஃப்ட் போன்ற ஆராய்ச்சியாளர்கள் இந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தபோது, இவர்கள் வளர்ந்து பைபோலாராக ஆவது குறைவு, மனச்சோர்வும் பதற்றமும்தான் அதிகம் வருகிறது என்று தெரிந்தது. அதனால் 2013இல் இவர்களுக்கென்று ஒரு புதிய பெயரை உண்டாக்கினார்கள், தொடர்ந்த எரிச்சலும் ஆத்திர வெடிப்பும் உள்ள மனநிலைக் குறைபாடு என்று அதைச் சொல்லலாம். வாரத்துக்கு மூன்று முறையாவது வெடிப்பு இருக்க வேண்டும், ஒரு வருடமாவது நீடிக்க வேண்டும், பத்து வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும், ஆறு வயதுக்கு முன் இந்தப் பெயரைக் கொடுக்கக் கூடாது என்றெல்லாம் விதி வைத்தார்கள். நோக்கம் நல்லது, ஒரு தவறான பெயரிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்றுவது. ஆனால் அந்தப் புதிய பெயரை வெள்ளோட்டம் பார்த்தபோது, ஒரே குழந்தையை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்தது குறைவாகவே இருந்தது. உலக சுகாதார நிறுவனம் அதைத் தனி நோயாக எடுத்துக்கொள்ளவே இல்லை, ஏற்கெனவே உள்ள எதிர்த்து நடக்கும் குறைபாட்டின் கீழ், தொடர்ந்த எரிச்சலோடு கூடியது என்று ஒரு துணைக்குறிப்பாக மட்டும் வைத்தது. ஆக இன்றைக்கும் ஒரே குழந்தைக்கு இரண்டு புத்தகங்களில் இரண்டு பெயர். நான்காம் பதிப்புக் குழுவின் தலைவராக இருந்த ஆலன் ஃபிரான்சஸ் அவர்களே பிற்பாடு, கோட்டைத் தளர்த்தியதால் தேவையில்லாத பிள்ளைகளும் உள்ளே வந்துவிட்டார்கள் என்று வெளிப்படையாக எழுதினார். அதைச் சொல்ல ஒரு மனிதருக்குத் துணிச்சல் வேண்டும், அவர் மேல் எனக்கு மரியாதை.

ஒரு சொல் மாறினால் குழந்தையை நாம் பார்க்கிற பார்வை எப்படி மாறுகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்ததில் நல்ல உதாரணம் பேசாத குழந்தைகள். வீட்டில் வாய் ஓயாமல் பேசும், பள்ளிக்குப் போனால் ஒரு வார்த்தை வராது. முன்பு இதற்கு வைத்திருந்த பெயரின் அர்த்தம், தானாகத் தேர்ந்தெடுத்துப் பேசாமல் இருப்பது, அதாவது வேண்டுமென்றே. அப்படி ஒரு பெயர் இருந்தால் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? பிடிவாதம் என்பார்கள், மிரட்டுவார்கள், பேசினால்தான் வெளியே விடுவேன் என்பார்கள். 1994இல் அந்தப் பெயரைச் சில இடங்களில் மட்டும் பேசாமை என்று மாற்றினார்கள், 2013இல் அதைப் பதற்றக் குறைபாடுகளின் வரிசைக்குக் கொண்டுபோனார்கள், ஐ.சி.டி. பதினோராம் பதிப்பும் அப்படியே செய்தது. பயத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது, பிள்ளை வீம்புக்குப் பேசாமல் இல்லை என்று இப்போது புத்தகமே சொல்கிறது. பயந்த குழந்தையை யாரும் மிரட்ட மாட்டார்கள், மெல்ல மெல்லப் பழக்குவார்கள், சிகிச்சையும் அதுதான். எனக்குத் தெரிந்த ஒரு சிறுமி அப்படித்தான், முதலில் கையசைத்து, அப்புறம் ஆசிரியையின் காதுக்குள் கிசுகிசுத்து, ஒரு வருடம் கழித்து வகுப்பில் வாய்விட்டுத் தன் பெயரைச் சொன்னாள்.

மன வளர்ச்சி குன்றியவர் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்த சொல்லும் போய்விட்டது. அதற்கு இப்போது அறிவுசார் குறைபாடு என்று பெயர், கடுமையின் அளவை ஐ.கியூ. எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை, அன்றாட வாழ்க்கையில் தன் வேலையைத் தானே எவ்வளவு செய்துகொள்ள முடிகிறது என்பதைப் பார்க்கிறார்கள். நெருங்கியவர்களைப் பிரிய நேரும்போது வருகிற பிரிவுப் பதற்றம் குழந்தைகளுக்கு மட்டும் உரியது என்ற நிலையும் மாறி, பெரியவர்களுக்கும் வரலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்குப் பயங்கரமான அனுபவத்தால் வரும் மன அதிர்ச்சிக்குத் தனி அளவுகோல் வந்திருக்கிறது, ஏனென்றால் அவர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள், விளையாட்டில் அதையே திரும்பத் திரும்பச் செய்து காட்டுவார்கள். கையேட்டில் “குழந்தைப்பருவக் குறைபாடுகள்” என்று தனி அத்தியாயமே இப்போது கிடையாது. நரம்புவளர்ச்சிக் குறைபாடுகள் என்று ஒரு அத்தியாயம் வைத்து, மீதியை அந்தந்த நோய்களோடு சேர்த்துவிட்டார்கள். பதினெட்டு வயது ஆனதும் இவையெல்லாம் காற்றில் கரைந்துவிடும் என்ற பழைய நினைப்பு அதோடு போகும் என்று நம்புகிறேன், வளர்ந்த பிள்ளைகளின் தாய்மார்களுக்கு அது எவ்வளவு பெரிய பொய் என்று தெரியும்.

இவ்வளவு நீளமாக எழுதியதற்குக் காரணம், நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். இந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் தேதி போடுங்கள். மருத்துவர்கள் அறிக்கையில் நோயின் பெயரை எழுதும்போது, எந்தப் புத்தகத்தின் எந்தப் பதிப்பின்படி, எந்த வருடம், திரும்ப எப்போது பார்க்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து எழுதலாம். மூன்று வயதில் எழுதிய பெயரை வைத்துப் பதினைந்து வயதில் முடிவு எடுக்கிற பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். பெற்றோர்களும் என்ன நோய் என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள், நான் அப்படித்தான் வந்தேன். இந்தப் பெயரை எதை வைத்துச் சொல்கிறீர்கள், வேறு எதுவாகவும் இருக்கலாமா, இதனால் என் பிள்ளைக்கு எதில் உதவி தேவை, எதில் தேவையில்லை, அடுத்து எப்போது திரும்பப் பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். பழைய அறிக்கைகளைத் தூக்கி எறியாதீர்கள், பெயர் பழசானாலும் அதில் எழுதியிருக்கிற குழந்தை உங்கள் குழந்தைதான். எங்கள் முதல் கோப்பில் அந்த மருத்துவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். அந்த நோயின் பெயர் இன்று எந்தக் கையேட்டிலும் இல்லை, அந்த அரைப் பக்கம் மட்டும் அப்படியே உண்மையாக இருக்கிறது.

உங்களிடம் கேட்பது இன்னும் எளிது. அடுத்த முறை இத்தனை குழந்தைகளுக்கு இந்தக் குறைபாடு என்று ஒரு எண்ணைப் போடும்போது, அது எந்த வருட வரையறைப்படி எடுத்தது, முந்தைய எண் எந்த வரையறைப்படி எடுத்தது என்று அதற்குக் கீழே ஒரே ஒரு வரி போடுங்கள். இரண்டும் ஒன்றில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். “பரவுகிறது” என்ற சொல்லைக் காய்ச்சலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் என் மகன் கடைசியில் “ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம், ஏ.டி.எச்.டி., 2014ஆம் ஆண்டு அறிக்கையின்படி” என்று எழுதினான். கட்டம் சின்னது, அதனால் எழுத்தைக் குறுக்கி எழுத வேண்டியிருந்தது. கீழே இடம் விட்டிருந்த இன்னொரு வரியில், பக்கத்தில் சத்தம் அதிகமாக இருந்தால் எனக்கு வேலை செய்ய முடியாது, எழுதிக் கொடுத்த குறிப்பு இருந்தால் நன்றாகச் செய்வேன் என்று அவனாகவே சேர்த்திருந்தான்.

இப்படிக்கு,
ஒரு தாய்